நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி

"வண்டி என்னாச்சு?"

ஒரு வருடம் முழுக்க இதே கேள்விதான். ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கள் கேட்டார்கள், பஸ் கண்டக்டர் கேட்டார், கைகாட்டியில் டீக்கடை வைத்திருக்கும் அம்மா தினமும் கேட்டார். ரிப்பேர் என்று சொல்லியிருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. அதனால பிரிச்சுப் போட்டிருக்காரு" என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். முதல் மாதம் நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் அவர்கள் மட்டும் சிரித்தார்கள்.

நான் ரேஷன் கடை விற்பனையாளர். ஊர்க்காரர்களுக்கு சேல்ஸ்மேன் அம்மா. மேன் எப்படி அம்மா ஆகும் என்று இதுவரை யாரும் யோசித்ததில்லை, நானும் திருத்தியதில்லை. எங்கள் வீடு அரியலூர் டவுனுக்கு வெளியே. என் கடை பெரம்பலூர் போகிற ரோட்டில், ஒரு கைகாட்டியில் இடப்பக்கம் திரும்பி உள்ளே போகிற ஊரில் இருக்கிறது. மெயின் ரோட்டில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. உள்ளே போகத்தான் ஒன்றும் கிடையாது. டவுன் பஸ் ஒன்று உண்டு, அது நான் அடுப்பு மூட்டுகிற நேரத்தில் போய், நான் கடை திறக்கிற நேரத்தில் திரும்பி வந்துவிடும். ஆகவே கைகாட்டியில் இறங்கினால் நடைதான். வெயில், மக்காச்சோளக் காடு, மறுபடி வெயில். தோளில் சோற்றுப் பை, இன்னொரு தோளில் பில் போடுகிற மெஷின். அந்த மெஷினைக் கடையில் விட்டுவிட்டு வர எனக்கு தைரியம் கிடையாது.

இவ்வளவு காலமும் நான் அந்த நடையை நடந்தவள் இல்லை. என் கணவர்தான் வண்டியில் கொண்டுபோய் விடுவார். அவருக்கு ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. என் கடை ஒரு திசை, அவர் ஆலை வேறு திசை. என்னை விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி, வீட்டைத் தாண்டி அவர் வேலைக்குப் போகவேண்டும். நைட் ஷிப்ட் முடிந்த நாட்களில் புருவமெல்லாம் சாம்பல் நிறமாக வந்து நிற்பார். "முகத்தையாவது கழுவிட்டு வாங்க" என்றால், "வா, உன்னைய விட்டுட்டு வந்து மொத்தமா குளிச்சுக்கறேன்" என்பார். கல்லு லாரிகள் வரிசையாகப் போகும் அந்த ரோட்டில், தூங்கிவிடப் போகிறாரே என்று பின்னாலிருந்து எதையாவது பேசிக்கொண்டே போவேன். ஊர் வம்பு, மாமியார் வீட்டுப் பழைய கணக்கு, எதுவும் கிடைக்காவிட்டால் மளிகைச் சாமான் பெயர்கள். அவரும் "ம்", "ம்" என்பார்.

வண்டி ஓட்ட நான் கற்றுக்கொள்ளவில்லை. ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டேன். "நான் இருக்கறப்ப உனக்கெதுக்கு?" என்றார். அதைக் கேட்டு அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வண்டி ஒன்றும் விசேஷமில்லை. கறுப்பு நிறத்தில் ஊருக்கெல்லாம் இருந்த அதே பைக். எங்கள் மகள் நடக்கப் பழகிய காலத்தில் வாங்கியது. கேஸ் சிலிண்டர் வந்தது அதில்தான், அரிசி மூட்டை வந்தது அதில்தான், மகள் பிளஸ் டூ பரீட்சைக்குப் போனது அதில்தான். ஒருமுறை பீரோ கதவைக் கூட மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறேன். சீட்டு கிழிந்து, அதற்கு மேல் ஒரு உறை, அதுவும் கிழிந்து அதற்கு மேல் இன்னொரு உறை. உதைத்தால் கிளம்பும். அதற்கு மேல் ஒரு வண்டியிடம் என்ன வேண்டும்?

அவர் ரிட்டயர் ஆனார். கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகவே இருந்தது. ஷிப்ட் தொல்லை இல்லாமல் நிதானமாக என்னைக் கொண்டுபோய் விட்டார், சாயங்காலம் வந்து கூட்டிப்போனார். நடுவில் உள்ள பொழுதில் என்ன செய்வார்? போன் பார்த்தார். அங்கேதான் சனி பிடித்தது. ஒருநாள் சமையலறைக்கே போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏ, இங்க பாரேன். நம்ம வண்டிதான் இது. அதே மாடலு!"

பார்த்தேன். யாரோ ஒருவர், எங்கோ ஒரு கொட்டகையில், துருப்பிடித்த பைக்கைப் பிரித்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்து, கடைசியில் கல்யாணப் பொண்ணு மாதிரி நிறுத்தியிருந்தார். பின்னணியில் டமடமவென்று ஒரு மியூசிக்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே!

மறுநாள் கடை லீவு. துணி காயப்போட வெளியே போனால், வண்டிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறார். சீட்டு தனியாக, டேங்க் தனியாக, ஏதேதோ மூடிகள் தனியாக.

"என்னங்க இது? நாளைக்கு கடைக்குப் போவணும்ங்க."

"ரெண்டு நாளு பொறு. சும்மா ஒரு சர்வீஸ் மாதிரிதான். தொடைச்சு மாட்டிடறேன்."

அந்த ரெண்டு நாளில் ஆடி வந்தது, ஆவணி வந்தது.

அவர் பிரித்தார், பிரித்துக்கொண்டே இருந்தார். முற்றத்தில் தொடங்கியது மழைக்குப் பயந்து ஹாலுக்குள் வந்தது. இன்ஜின், டிவிக்குக் கீழே பேப்பர் மேல் உட்கார்ந்திருந்தது. விருந்தாளி வந்தால் முதலில் அதற்குத்தான் அறிமுகம். எங்கள் பக்கம் சும்மா நிற்கிற எதன் மேலும் சிமெண்ட் தூசி படியும், பனி பெய்தால் அது அப்படியே இறுகிவிடும். அதனால் ஒவ்வொரு சாமானையும் மூட அவருக்குத் துணி வேண்டியிருந்தது. மெத்தென்ற துணிதான் வேண்டுமாம், இல்லாவிட்டால் கீறல் விழுமாம். என் பழைய காட்டன் சேலைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒருநாள் தோசைக்கல்லைக் காணோம். தேடிப் பார்த்தால் அடுப்பில்தான் இருந்தது. மேலே தோசைக்குப் பதில் இன்ஜின் மூடி ஒன்று.

"சூடு பண்ணாத்தான் பேரிங்கு உள்ள எறங்கும்" என்றார், ஏதோ நான் கேட்ட மாதிரி.

"என் தோசைக்கல்லுதான் கெடைச்சுதா உங்களுக்கு?"

"கழுவிக் குடுத்துடறேன்."

"அத நீங்களே வச்சுக்குங்க. இன்ஜினுக்கு தோசை சுட்டுப் போடுங்க."

வேறு கல் வாங்கினேன். அதைப் பழக்குவதற்குள் ஒரு மாதம் இட்லிதான்.

அவரைத் திட்டத் தொடங்கினால் எனக்கு நேரம் போவதே தெரியாது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆலையில் இருந்த காலத்தில் வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவார், தூங்குவார், எழுந்து போவார். கேட்டதற்கு பதில் வரும், கேட்காமல் ஒரு சொல் வராது. இப்போது சாப்பிட உட்கார்ந்தால் கார்புரேட்டர் கதை, படுக்கப் போனால் சைலன்சர் கதை. போனில் ஏதோ ஒரு க்ரூப், அதில் இவரைப் போலவே பெண்டாட்டிகளிடம் திட்டு வாங்குகிற ஆண்கள். கண்ணில் ஒரு வெளிச்சம், கையில் கிரீஸ். அந்த முகத்தைப் பார்த்தால் என் கோபம் பாதி இறங்கிவிடும். மீதிப் பாதியோடு நான் பஸ் ஏறுவேன்.

மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். அவளிடம் போனில் புலம்பினேன். "அம்மா, அது அப்பாவோட ஹாபிம்மா. இத்தன வருஷம் உழைச்சாரு, விடும்மா" என்றாள். சரி, விட்டேன். நானும்தான் இத்தனை வருடம் உழைக்கிறேன், எனக்கு என்ன ஹாபி என்று யோசித்துப் பார்த்தேன். யோசித்துக்கொண்டே கைகாட்டியில் இறங்காமல் அடுத்த ஸ்டாப் வரைக்கும் போய்விட்டேன். அன்றைக்குக் கூடுதல் நடை.

நடையில் கால் வலிப்பது கூடப் பரவாயில்லை. கடை திறக்க நேரமாவதுதான் பிரச்சினை. நான் போய்ச் சேருவதற்குள் வரிசை வேப்பமரத்தைத் தாண்டிவிடும். சுண்ணாம்புக்கல் குவாரிக்கு வேலைக்குப் போகிறவர்கள், கூலியை விட்டுவிட்டு நிற்கிறவர்கள், வயதானவர்கள். கல்லில் புழங்கிய விரல்களுக்கு மெஷினில் கைரேகை சீக்கிரம் விழாது. எண்ணெய் தடவி, துடைத்து, இந்த விரல், அந்த விரல் என்று ஒரு கார்டுக்கே நேரம் இழுக்கும். நான் தாமதமாகப் போனால் அத்தனை பேரும் வெயிலில் நிற்பார்கள். "ஏம்மா, நீ கவர்மெண்டு பஸ்ல வர, எங்க பொழப்பு போவுது" என்றார் ஒரு பாட்டி. மேலே புகார் போனது. ஆபீசிலிருந்து கூப்பிட்டுக் கேட்டார்கள். இன்னொரு தடவை புகார் வந்தால் வேறு ஏற்பாடு பார்க்க வேண்டியிருக்கும் என்றார்கள். வேறு ஏற்பாடு என்றால் இன்னும் உள்ளே, ஆண்டிமடம் பக்கம் ஏதாவது முந்திரிக்காட்டு ஊருக்கு மாற்றம். அங்கே நான் போய் வருவது நடக்காத காரியம். அப்புறம் வேலையை விடுவதைத் தவிர வழியில்லை.

வேலை போய்விடுமோ என்ற பயம் அன்றைக்குத்தான் எனக்குள் வந்து உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் ஒரு ஸ்பிரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்:

"விட்டுடேன். நான்தான் ரிட்டயர் ஆயிட்டனே. நீயும் வூட்லயே இரு. எதுக்கு அலையற?"

கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மண்ணெண்ணெயே பற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

"வண்டிய மாட்டுங்கன்னா, வேலைய விடுங்கறீங்க. அந்தக் கடையில எடை போடறது நானு. பில்லு போடறது நானு. அந்த ஊருல எத்தன பேரு எந்த வூடுன்னு எனக்குத் தெரியும். இந்த வூட்டுல உக்காந்து நான் என்ன பண்ணணும்? நட்டு போல்ட எண்ணிக் குடுக்கவா?"

"சரி சரி, கத்தாத. மாட்டிடறேன்" என்றார். ஸ்பிரிங்கைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது பளபளவென்றுதான் இருந்தது.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். இவர் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினார். எட்டிப் பார்த்தேன். அதில் பெண்கள் ஒருபக்கமாக உட்கார்ந்தால் கால் வைக்கிற கம்பிப் படியும், சேலை சக்கரத்தில் மாட்டாமலிருக்க இடப்பக்கம் பொருத்துகிற கம்பித் தடுப்பும் கிடந்தன. என் செருப்பு தேய்த்துத் தேய்த்து அந்தப் படியில் பெயிண்டே இருக்காது.

"ஐயோ, அத ஏங்க போடறீங்க?"

"அது இருந்தா லுக்கே கெட்டுடும். அந்தக் காலத்து மாடலுக்கு அதெல்லாம் கெடையாது."

"அப்ப நான் கால எங்க வைக்கிறது?"

"அதுக்கு வேற ஏதாச்சும் பண்ணிக்கலாம்" என்றார். நானும் நம்பினேன். இவ்வளவு செய்கிறவர் அதைச் செய்யமாட்டாரா என்று நினைத்தேன்.

ஆயுத பூஜைக்கு வண்டி பாதி உருவத்தில் இருந்தது. சக்கரம் இருந்தது, இன்ஜின் இல்லை. டேங்க் மட்டும் பெயிண்டுக்குப் போய் வந்திருந்தது, கரும்பச்சை நிறம், முகம் பார்க்கலாம். வருடா வருடம் செய்கிற மாதிரி சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு போனேன். டேங்க் மேல் விரல் படவில்லை, அதற்குள் "ஏய் ஏய் ஏய்!" என்று அலறினார். உள்ளே குழம்பு தீய்ந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன்.

"சந்தனம் கறை புடிக்கும். மஞ்சளும் வேணாம். குங்குமம் அதவிட மோசம்."

"சாமிக்கு வைக்காம வண்டியா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு உள்ளே போய், என் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து வந்து ஹெட்லைட் கண்ணாடி மேல் ஒட்டினார். மெரூன் கலர், நடுவில் சின்னக் கல் வைத்தது. அதோடு முடியவில்லை. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்குக் கீழே வைத்தோம், வண்டி ஏறி நசுக்க வேண்டும், வண்டிதான் ஓடாதே. அவர் ஹேண்டில்பாரைப் பிடித்து, நான் பின்னாலிருந்து தள்ளி, "ஐலசா" போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினோம். எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. தள்ளிய இடுப்புதான் ஒரு வாரம் வலித்தது.

தை வந்தது. ரேஷன் கடையில் பொங்கல் என்றால் என்னவென்று எடை போடுகிறவர்களுக்குத்தான் தெரியும். பச்சரிசி, சர்க்கரை, முழுக் கரும்பு, டோக்கன், சண்டை. கரும்புக் கட்டு வந்து இறங்குகிற நேரத்துக்கு நான் அங்கே இருக்க வேண்டும். விடிவதற்கு முன் வீட்டை விட்டுக் கிளம்பினேன். பனியில் ரோடு தெரியாது. கைகாட்டியிலிருந்து ஒரு நாய் கூடவே வரும், அதற்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிடுவேன். பொங்கல் முடிவதற்குள் என் குதிகால் இரண்டும் வெடித்து, படுத்தால் போர்வை பட்டாலே எரிந்தது. எனக்கு அலுத்துவிட்டது. யாரைத் திட்டியும் பயனில்லை என்று தெரிந்த பிறகு வருமே ஒரு அலுப்பு, அது. எதிரில் அவர் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார், எனக்குக் காதிலேயே விழாது.

"பெரம்பலூர்ல கடைசி வேலை நடக்குது. இன்னும் ஒரு வாரந்தான்" என்றார். பெரம்பலூரில் துறையூர் ரோடு பக்கம் ஒரு பெயிண்டர், அவருக்குப் பக்கத்திலேயே சீட்டு தைக்கிறவர். மூட்டை மூட்டையாகச் சாமான்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஹால் காலியானது. தரையில் இன்ஜின் இருந்த இடத்தில் ஒரு எண்ணெய் வட்டம். அதை நான் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. ஆனாலும் மனசுக்கு ஒரு தெம்பு வந்தது. குதிகாலுக்குக் களிம்பு தடவிக்கொண்டே, இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் பழையபடி வாசலில் ஏறி கடை வாசலில் இறங்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை காலை. நான் பையையும் மெஷினையும் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். முதல் நாளே பெரம்பலூர் போனவர் அங்கேயே தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டார். தெருமுனையில் சத்தம் கேட்டது. எத்தனையோ வருடம் கேட்ட சத்தம்தான், ஆனால் அதன் தொண்டையில் இருந்த கரகரப்பெல்லாம் போயிருந்தது. வெளியே ஓடினேன். கரும்பச்சை டேங்க், வெள்ளிக் கம்பிகள், வெயிலில் கண் கூசியது. தலைமுடி பறந்து நிற்க அவர் வந்து இறங்கினார். இருபது வயது குறைந்த மாதிரி இருந்தார். பொய்யில்லை, என் மனசு ஒரு நிமிடம் பூரித்துப் போனது.

"எப்புடி?"

"ஐயோ, சூப்பரா இருக்குங்க" என்றேன். சொல்லிவிட்டுச் சேலைக் கொசுவத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பழக்கத்தில் வண்டியின் இடப்பக்கம் போய் நின்றேன். ஏறுவதற்குக் காலைத் தூக்க இடம் பார்த்தேன். கால் வைக்கவும் எதுவும் இல்லை, உட்காரவும் எதுவும் இல்லை. சீட்டு அவர் உட்காருகிற அளவோடு முடிந்து, அதற்குப் பின்னால் பன்ரொட்டி மாதிரி உப்பலாக ஒரு மேடு. அதன் மேல் ஒரு பூனை கூட உட்கார முடியாது.

"நான் எங்கங்க உக்காரது?"

அவர் சிரித்துக்கொண்டே சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். அப்போதுதான் அந்தச் சிரிப்பு அடங்கியது.

"அது... சிங்கிள் சீட்டு மாடலு. அதுக்கு அப்புடித்தான் வரும்."

"என்னைய நெனைக்கவே இல்லையா நீங்க? ஒரு தடவ கூடவா?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவரும் அதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினார்.

"கோவப்படாத. உள்ளதச் சொல்றேன். வாங்கின நாள்லேருந்து பின்னாடி பாரம் இல்லாம இந்த வண்டிய நான் ஓட்டினதே இல்ல. காலைல நீ. வரும்போது சிலிண்டரு. இல்லன்னா அரிசி. இல்லன்னா புள்ள. ஒரு தடவயாச்சும் வெறுமன ஓட்டிப் பாக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல."

பாரம். தினமும் எடைபோடுகிறவள் நான். மூட்டையைத் தராசில் தூக்கி வைக்கும்போதே எத்தனை கிலோ குறைகிறது என்று சொல்லிவிடுவேன். அந்த மனுஷன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபோது, சிலிண்டருக்கும் அரிசிக்கும் முன்னால், முதல் ஆளாக என்னை வைத்துச் சொல்கிறாரே என்று எனக்கு உறைத்தது. அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. பெரம்பலூரிலிருந்து வந்த வழியில் காற்று எப்படி அடித்தது என்று சொல்ல ஆரம்பித்தார். பாதியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"இப்ப என்ன, பழைய சீட்ட வாங்கி மாட்டிடறேன். ஒரு வாரத்துல—"

"வேணாம்ங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் அழுகை வந்தது, அழுதேன். தூக்கம் தொங்கிய கண்களோடு என்னைக் கொண்டுபோய் விட்ட காலையெல்லாம் ஞாபகம் வந்தது. அன்பு என்று நான் எடுத்துவைத்திருந்ததை அவர் சுமை என்று எடுத்துவைத்திருக்கிறாரே என்றுதான் அழுதேன். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. கண்டக்டர், "என்னாச்சு சேல்ஸ்மேன் அம்மா?" என்றார். தூசி என்றேன். எங்கள் ரோட்டில் அதை யாரும் சந்தேகப்பட முடியாது.

அன்று ராத்திரி மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை அவள் ஹாபி என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் அவள் வாங்கி அனுப்பிய ஒரு பாட்டரி ஸ்கூட்டர் வாசலில் வந்து இறங்கியது. வெள்ளை நிறம். சத்தமே கிடையாது. இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு? பிரிக்கிறதுக்கே ஒண்ணுமில்லயே."

"அதனாலதான் வாங்குனது" என்றேன்.

ஓட்டக் கற்றுக்கொண்ட கதையை விரித்துச் சொல்லப் போவதில்லை. டவுனில் பெண்களுக்கு வண்டி கற்றுத்தருகிற ஒரு பெண் மைதானத்தில் என் பின்னாலேயே ஓடி ஓடி இளைத்துப் போனாள். இரண்டு தடவை விழுந்தேன், ஒரு தடவை குப்பைத்தொட்டியை விழவைத்தேன். இந்த வயதில் எட்டுப் போட்டுக் காட்டி லைசன்ஸ் வாங்கினேன். இடையில் ஒருநாள் ஆபீசில் போய், இனி கடை நேரத்துக்குத் திறக்கும், என்னை மாற்றவேண்டாம் என்று நானே சொல்லிவிட்டு வந்தேன். அப்படிச் சொன்ன பிறகு ஓட்டாமல் இருக்க முடியாது.

முதல் நாள் தனியாகக் கடைக்குப் போனேன். மெஷின் காலடியில், சோற்றுப் பை கொக்கியில். டவுன் எல்லை வரை ரோட்டோரமாகவே உருட்டிக்கொண்டு போனேன். பின்னால் கல்லு லாரி ஹாரன் அடித்தபோது உயிர் போய் வந்தது, ஓரம் கட்டி நின்றுவிட்டேன். லாரி போனது, தூசி அடங்கியது, மறுபடி கிளம்பினேன். அதற்கப்புறம் ரோடு காலியாக இருந்தது. யாரையும் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே வரவேண்டியதில்லை. யார் முதுகும் கண்ணை மறைக்கவில்லை. மெதுவாகப் போ என்று சொல்ல ஆளில்லை, சீக்கிரம் போ என்று சொல்லவும் ஆளில்லை. ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் திருகினேன். காற்று முகத்தில் அடித்தது. எத்தனையோ வருடம் போய் வந்த ரோட்டில், வலப்பக்கத்து ஏரி காலை வெயிலில் அப்படி மின்னும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். காலையில் வண்டியில் ஒருபக்கமாக இடப்புறம் பார்த்தே உட்கார்ந்து, பஸ்ஸிலும் இடப்பக்கத்துப் பெண்கள் சீட்டிலேயே போனவளுக்கு அது எப்படித் தெரியும்? வாய்விட்டுச் சிரித்தேன். கைகாட்டி சீக்கிரம் வந்துவிட்டதே என்று வருத்தமாக இருந்தது. கடை வாசலில் இறங்கியதும் வரிசையில் இருந்த பெண்கள் குலவை போட்டார்கள்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. அவருடைய பச்சை வண்டி உள்ளே உறை போட்டு நின்றது. தாழ்த்தி வைத்த ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்து ஓட்டி முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து அதை அவர் அடிக்கடி எடுப்பதில்லை. நான் வண்டியை நிறுத்தியதும் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டார்.

"எப்புடி இருந்துச்சு? தனியா போனது?"

உள்ளதைச் சொல்ல எனக்கும் வாய் இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"பயந்துட்டேங்க" என்றேன். "முன்னாடி நீங்க இல்லாம என்னமோ மாதிரிதான் இருந்துச்சு."

அவர் முகம் விரிந்துவிட்டது. அந்த வருடம் முழுக்க அந்த வண்டியால் கூட அப்படி விரிந்ததில்லை.

"போகப் போகப் பழகிடும்" என்று சொல்லி, ஸ்கூட்டரின் காலடியிலிருந்த மெஷினை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தார்.